அரைஞாண் கயிற்றுக்குக் கீழே

எங்கள் வீட்டில் அப்பாவின் காய்ச்சலைக் குணப்படுத்திய டாக்டரைப் பற்றிப் பேச்சு வந்தாலே பெரியம்மா, "அது கைராசிக்காரப் பொண்ணுடா" என்று முடித்துவிடுவார். போன பொங்கலுக்கும் அதையேதான் சொன்னார். சுற்றி உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் தலையாட்டினார்கள், அப்பா உட்பட. எனக்கு மட்டும் சுருக்கென்றது. மூன்று வருடமாக இந்த ஒரு வார்த்தையோடு மல்லுக்கு நிற்கிறேன். கைராசி என்று சொல்லும்போது ஒருவரைப் புகழ்வதாகத்தான் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் அந்த ஆள் மண்டையைக் குடைந்து செய்த வேலையை எல்லாம் தூக்கி ஜாதகத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அந்த டாக்டரம்மா என்ன செய்தார் என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பார்த்தபோது புரியவில்லை. உண்மையைச் சொன்னால் கோபம்தான் வந்தது.

கார்த்திகை மாதம், மழை விட்டுப் பத்து நாள் இருக்கும். எங்கள் ஊர் போளூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு அப்போது 67 வயது, தினமும் மாட்டுக்குப் புல் அறுக்க ஏரிக்கரைப் புதருக்குள் போகிறவர். ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. தலைவலி என்றார், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது என்றார். அம்மா மிளகு ரசம் வைத்தார், பக்கத்துத் தெரு மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை விடவில்லை என்றதும் நான் சென்னையிலிருந்து கிளம்பிப் போனேன். உள்ளூர் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிளேட்லெட் 1,12,000. டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனை நெகட்டிவ். அந்த டாக்டர் சீட்டில் "டெங்கு?" என்று எழுதி, டவுனில் அட்மிட் பண்ணிடுங்க என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கேள்விக்குறி போட்டிருந்தார்.

அந்தக் கேள்விக்குறி என்ன ஆனது என்பதுதான் கதையே.

திங்கட்கிழமை டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாசலில் சீட்டை வாங்கியவர் கேஸ் ஷீட்டில் "டெங்கு, சந்தேகம்" என்று எழுதினார். ராத்திரி டியூட்டிக்கு வந்தவர் அதைப் பார்த்துத் தன் பக்கத்தில் "டெங்கு" என்று எழுதினார். மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தார். என்எஸ்1 நெகட்டிவ் என்ற தாள் ஃபைலின் அடியில் போய்விட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறித்தனம் செய்ததாகக்கூடச் சொல்ல முடியாது. ஒரு சந்தேகம் மூன்று கை மாறியதில் முடிவாகிவிட்டது, அவ்வளவுதான். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் இருந்த எல்லோரும் ஒரே ஒரு எண்ணைத் துரத்த ஆரம்பித்தார்கள். பிளேட்லெட் கவுண்ட் எவ்வளவு? காலையில் 88,000, சாயந்திரம் 84,000. சொந்தக்காரர்கள் போன் பண்ணினாலும் காய்ச்சல் எப்படி இருக்கு என்று கேட்கவில்லை, கவுண்ட் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். சித்தப்பா பப்பாளி இலைச் சாறு ஒரு தம்ளர் கொண்டுவந்தார். நானும் அதே ஆட்டத்தில்தான் இருந்தேன். செல்போனில் ஒரு பட்டியல் போட்டு, மணி வாரியாகக் கவுண்ட்டைக் குறித்துக்கொண்டிருந்தேன். காய்ச்சலுக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. கவுண்ட் குறைந்தால் டெங்கு என்பது நம் ஊரில் கிட்டத்தட்ட மூடநம்பிக்கை அளவுக்கு வந்துவிட்டது. மலேரியாவில் குறையும், எலிக் காய்ச்சலில் குறையும், இன்னும் பலதிலும் குறையும். டெங்கு பேப்பரில் வருகிறது, மற்றவை அவ்வளவாக வருவதில்லை.

புதன்கிழமை கவுண்ட் 71,000. காய்ச்சல் 103-ஐ விட்டு இறங்கவில்லை. அப்பா நடுநடுவே சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார், செத்துப்போன தன் அண்ணனைக் கூப்பிட்டார். அம்மா பயந்துபோய் அழுதுவிட்டார். பெரியம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக வேலூர் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் பேசி, ராத்திரியோடு ராத்திரியாக வண்டி வைத்துக் கொண்டுபோனோம்.

"எனக்குத் தெரியலைங்க"

மணி ஒன்பதரை இருக்கும். பன்னிரண்டு படுக்கை இருக்கிற இடம், வராந்தாவில் ஒரு டியூப் லைட் விட்டுவிட்டு எரிந்தது. டாக்டருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் ஃபைலை நீட்டி, "டெங்கு மேடம், கவுண்ட் எழுபத்தோராயிரம்" என்றேன். வாங்கி மேஜைமேல் வைத்தார், திறக்கவில்லை. "இதை அப்புறம் பாக்குறேன். காய்ச்சல் எத்தனாவது நாள்?" எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. கவுண்ட் எல்லாம் மனப்பாடம், நாள் கணக்கு தெரியவில்லை. விரல்விட்டு எண்ணி ஏழு என்றேன். "முதல் நாள்லேர்ந்து சொல்லுங்க. என்ன வேலை பாக்குறாரு, எங்க போவாரு, எல்லாம் சொல்லுங்க." அம்மாதான் சொன்னார். புல் அறுக்கிற விஷயத்தைச் சொன்னபோது அவர் நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது, அல்லது நான் பிற்பாடு அப்படிச் சேர்த்துக்கொண்டேனோ என்னவோ.

அப்பாவைப் பார்த்துவிட்டு வந்து, என்னிடம் சொன்னார்: "என்னன்னு இன்னிக்கு ராத்திரி எனக்குத் தெரியலைங்க. நாலஞ்சு இருக்கலாம். ஆனா ஒரு மாத்திரையை இப்பவே ஆரம்பிச்சிடுறேன். காலைல வெளிச்சத்துல திரும்ப முதல்லேர்ந்து பாக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. மூன்று நாளாக ஒருத்தர் என்ன வியாதி என்று அடித்துச் சொன்னார், பணமும் ஆயிரக்கணக்கில் போனது. இங்கே ஒரு அம்மா தெரியாது என்கிறார், தெரியாமலேயே மாத்திரையும் கொடுக்கிறார், அதுவும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், ஒரு டீ விலைகூட வராத மாத்திரை. வராந்தாவில் நின்று அக்காவுக்குப் போன் போட்டு, தப்பான இடத்துக்கு வந்துட்டோம்க்கா என்று சொன்னேன். அக்கா, "இருடா, விடியட்டும்" என்றாள்.

அந்த ராத்திரி சிஸ்டர் ரத்தம் எடுக்கும்போது டாக்டர் சொன்ன நாள் கணக்கை நான் பிறகு ரொம்ப நாள் அசைபோட்டேன். டெங்கு என்றால் காய்ச்சல் பெரும்பாலும் ஏழு நாளுக்குள் விட்டுவிடும், ஆபத்தே காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் வரும். ஏழாவது நாள் ராத்திரி 103 அடிக்கிறது என்றால், டெங்குவாக இருக்க முடியாது என்றில்லை, ஆனால் கதை இடிக்கிறது. என்எஸ்1 முதல் சில நாட்களில் பார்த்தால்தான் பேசும், நாள் ஆக ஆக அது அடங்கிவிடும். எதிர்ப்பொருளைப் பார்க்கிற பரிசோதனைகள் நேர்மாறு. முதல் சில நாள் வாயைத் திறக்காது, அப்புறம்தான் பேசும். அதாவது ரிப்போர்ட்டில் இருக்கும் நெகட்டிவ் என்ற சொல் தனியாக நின்றால் அரைகுறைதான், எத்தனாவது நாள் எடுத்தது என்பதும் கூட வேண்டும். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். எந்த பில்டில், அதாவது சாஃப்ட்வேரின் எந்தப் பதிப்பில் ஓட்டிய டெஸ்ட் என்று தெரியாமல் ஒரு ரிசல்ட்டை எவனாவது கொண்டுவந்து நீட்டினால் விரட்டிவிடுவேன். அப்பா விஷயத்தில் அந்தப் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை.

மாத்திரையைத் தெரியாமல் கொடுத்ததற்கும் கணக்கு இருந்தது. அவர் மனதில் இருந்த நாலைந்தில் ஒன்று ஸ்க்ரப் டைபஸ் என்ற தொற்றுக் காய்ச்சல். அது இருந்து மாத்திரை தராமல் விட்டால் நுரையீரல், கிட்னி, மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். அது இல்லாமல் மாத்திரை கொடுத்துவிட்டால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. அப்படியிருக்கும்போது, தெரிந்தபின் செய்யலாம் என்று காத்திருப்பதுதான் தப்பு. (இதைப் படித்துவிட்டு யாரும் காய்ச்சல் வந்த உடனே மெடிக்கல் ஷாப்புக்கு ஓட வேண்டாம். எந்த மாத்திரை, எப்போது என்பதைத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். நான் கணக்கைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன்.)

காலை எட்டு மணி

சொன்ன மாதிரியே வந்தார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். நேற்று ராத்திரி பார்த்த அதே உடம்பை, புதிதாக ஒருவரைப் பார்க்கிற மாதிரி தலையிலிருந்து ஆரம்பித்தார். காதுக்குப் பின்னால், கழுத்து, கையைத் தூக்கி அக்குள், விரல் இடுக்கு. அப்பா கூச்ச சுபாவம். ராத்திரி வேட்டி முடிச்சை அவிழ்க்க விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், சிஸ்டரும் வற்புறுத்தவில்லை. இப்போது டாக்டர், "ஐயா, கொஞ்சம் இந்த அரணாக்கயிறைத் தூக்குங்க" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் கயிற்றைத் தூக்கினேன்.

இடது இடுப்பு எலும்புக்குக் கொஞ்சம் மேலே, கறுப்புக் கயிறு வருடக்கணக்காகப் படிந்து தோலில் ஒரு தடம் போட்டிருக்கும் இல்லையா, சரியாக அந்தத் தடத்தில், ஒரு கறுத்த பொருக்கு. சிகரெட்டால் சுட்டு ஆறின மாதிரி. சுண்டைக்காய் வற்றலை நசுக்கி ஒட்டினால் எப்படி இருக்கும், அந்த அளவு. சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். கறுப்புக் கயிற்றின் கீழே கறுப்புப் பொருக்கு, தெரியவே தெரியாது. "இது எப்போ வந்துச்சு?" என்று கேட்டார். "அது கயிறு அறுத்த புண்ணும்மா" என்றார் அப்பா. வலி இல்லை, அரிப்பு இல்லை, அதனால் அவர் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. டாக்டர் கையுறை போட்ட விரலால் ஓரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, செல்போனில் ஒரு படம் எடுத்தார். முகத்தில் வெற்றிச் சிரிப்பு எல்லாம் இல்லை. "சரி" என்றார், அவ்வளவுதான்.

அந்தப் பொருக்கு ஸ்க்ரப் டைபஸின் அடையாளம். பேப்பர்க்காரர்கள் இந்த நோய்க்கு உண்ணிக் காய்ச்சல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு அம்மா அன்றைக்கே மாட்டைக் கழுவி மருந்து போடச் சொல்லி ஊருக்குப் போன் பண்ணினார். மாட்டு உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதரில் இருக்கிற, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு சிறுபூச்சியின் குஞ்சு கடித்து வருவது இது. கடித்த இடத்தில் சில பேருக்கு இந்தப் பொருக்கு வரும், சில பேருக்கு வரவே வராது. வந்தாலும் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்புக்குக் கீழே என்று நாம் டாக்டரிடம் காட்டாத இடமாகப் பார்த்து வரும். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாக் காடுகளில் சிப்பாய்களைப் படுத்தி எடுத்த காய்ச்சல் இது. நம் பக்கத்துக்கும் ஒன்றும் புதிதில்லை. என்ன நோய் என்று தெரியாத கடும் காய்ச்சலோடு வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்ந்த கிட்டத்தட்ட 400 பேரை வைத்து 2010-ல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது ஸ்க்ரப் டைபஸ். டெங்கு 7 சதவீதம்தான். வருடத்துக்கு வருடம், ஊருக்கு ஊர் அந்தக் கணக்கு மாறும், அது வேறு. ஆனால் எங்கள் அப்பா அந்த வட்டாரத்து ஆள், மழை முடிந்த மாதம், புதருக்குள் வேலை. இந்த மூன்றையும் கேட்க ரத்தமே எடுக்க வேண்டியதில்லை.

அந்தத் தாள்

சரி, பொருக்கைப் பார்த்துவிட்டார், அதிர்ஷ்டம்தானே, பெரியம்மா சொல்வது சரிதானே என்று கேட்கலாம். பொங்கலன்று என் மச்சானும் அதைத்தான் கேட்டான். எனக்கு அந்த அம்மாவைப் பற்றிய எண்ணம் திரும்பியது பொருக்கைப் பார்த்தபோது இல்லை. அரை மணி நேரம் கழித்து, கட்டில் தலைமாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டைப் பார்த்தபோது.

முந்தின நாள் ராத்திரி அவர் எழுதியது. வியாதியின் பெயர் எழுதுகிற இடத்தில் ஐந்து பெயர் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தனித்தனிக் கேள்விக்குறி. ஸ்க்ரப், எலிக் காய்ச்சல், டைபாய்டு, மலேரியா, கடைசியில் டெங்கு. அதன் கீழே இரண்டு வரி. காலை எட்டு மணிக்குத் தோல் முழுக்க மறுபடியும் பார்க்க வேண்டும் என்று ஒன்று. 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்காவிட்டால் ஸ்க்ரப் என்ற எண்ணம் தப்பு, திரும்ப யோசிக்க வேண்டும் என்று இன்னொன்று. மணி 10.10 என்று நேரமும் போட்டிருந்தார்.

இதைத்தான் நான் யாருக்கும் புரியவைக்க முடியாமல் திணறிக்கொண்டிருக்கிறேன். அவர் மனதை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தார் என்பது பெரிய விஷயமில்லை, எல்லோரும் தன்னைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். எப்போது, எதைப் பார்த்தால் மாற்றிக்கொள்வேன் என்று மாத்திரை உள்ளே போகும் முன்னாலேயே எழுதிவைத்துவிட்டார். பின்னால் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்று டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்தோமே. கவுண்ட் இறங்கினால் டெங்கு முற்றுகிறது, ஏறினால் டெங்கு குணமாகிறது. எது நடந்தாலும் டெங்குதான். தப்பு என்று காட்டிக்கொடுக்கவே வழியில்லாத ஒரு எண்ணத்தோடு மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம்.

அந்த 48 மணி நேரமும் வாய்க்கு வந்த எண் இல்லை. ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் படுத்துவிடும். டைபாய்டு அப்படியில்லை, சரியான ஊசியே போட்டாலும் நாலைந்து நாள் இழுக்கும். அதனால் இரண்டு நாளில் இறங்கவில்லை என்பது ஒரு வியாதிக்குப் பெரிய செய்தி, இன்னொன்றுக்குச் செய்தியே இல்லை. எந்த மருந்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் மருந்தைச் சோதனையாகவும் பயன்படுத்த முடியாது. மூணு நாளா ஒரே மருந்து, கேக்கல, மாத்து என்று நாம் டாக்டரை மாற்றிக்கொண்டே போவோமே, அது இந்த இடத்தில்தான் சறுக்குகிறது.

டவுன் ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே ஆரம்பித்திருந்த ஆன்டிபயாடிக் ஊசியை அவர் உடனே நிறுத்தவும் இல்லை. நான் அதற்கும் கேள்வி கேட்டேன். "ரெண்டும் ஓடினா எது வேலை செஞ்சதுன்னு எப்படி மேடம் தெரியும்?" டெஸ்டிங்காரன் புத்தி. அவர், "ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்குற கல்ச்சர் ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் நிறுத்தலாம். எது வேலை செஞ்சதுன்னு எனக்குத் தெரியறதைவிட உங்கப்பா எழுந்து உக்கார்றது முக்கியம் இல்லீங்களா" என்றார். இதே காய்ச்சல் முற்றிப்போனவர்களுக்கு ஒரு மருந்து நல்லதா, இரண்டு சேர்த்துக் கொடுப்பது நல்லதா என்று இந்தியாவிலேயே சுமார் 800 பேரை வைத்துச் சோதித்து 2023-ல் முடிவு வெளியிட்டார்கள். டாக்ஸிசைக்ளினும் அஸித்ரோமைசினும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தவர்கள், ஏதாவது ஒன்றை மட்டும் வாங்கியவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். எது வேலை செய்கிறது என்ற கேள்வியை அப்படி நூற்றுக்கணக்கான பேரை வைத்துத்தான் கேட்க வேண்டும், ஒரு கட்டிலில் கிடக்கும் அப்பாவை வைத்து இல்லை.

வியாழக்கிழமை ராத்திரி காய்ச்சல் 101. வெள்ளிக்கிழமை காலை 99.6. சாயந்திரம் அப்பா இட்லி கேட்டார், தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடி இல்லை என்று கோபித்துக்கொண்டார். ஸ்க்ரப் டைபஸ் பாசிட்டிவ் என்ற ரிப்போர்ட் சனிக்கிழமைதான் கைக்கு வந்தது. அதற்குள் அப்பா வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஆபீசுக்குத் திரும்பிய பிறகு இதை அப்படியே பின்பற்றப் போகிறேன் என்று கிளம்பி, முதல் மாதமே சொதப்பினேன். மாசக் கடைசியில் மட்டும் ஒரு ரிப்போர்ட் தொங்கிப்போகிற பிரச்சினை. எனக்கு உடனே ஐந்து சந்தேகம், ஐந்துக்கும் கேள்விக்குறி. அதுவரை சரி. அவசரத்தில் மூன்றை ஒரே ராத்திரியில் மாற்றிவிட்டோம், பிரச்சினை போய்விட்டது. ஆனால் மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்தபோது, எது அதை அடக்கி வைத்திருந்தது என்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை. டாக்டரம்மா இரண்டு மருந்தை ஓடவிட்டதற்கு உயிர் காரணமாக இருந்தது. எங்களுக்கு அப்படி எதுவும் எரியவில்லை, மேனேஜர் போன் பண்ணிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அதையும் இதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது என் தப்பு. இப்போது என் நோட்டில் ஒரு பத்தி தனியாக விட்டிருக்கிறேன். எது நடந்தால் இது தப்பு, எத்தனை மணிக்குள் என்று. பாதி நாள் அந்தப் பத்தி காலியாகத்தான் கிடக்கிறது, ஏனென்றால் எழுத உட்கார்ந்தால்தான் தெரிகிறது, நான் நம்புகிற பல விஷயத்துக்கு அப்படி ஒரு வரி என்னிடம் இல்லை.

போன ஐப்பசியில் அப்பாவுக்குத் திரும்பக் குளிர்க் காய்ச்சல். அம்மா போனை வைப்பதற்குள் நான் டாக்டருக்கு அடித்துவிட்டேன். "மேடம், அதே ஸ்க்ரப் டைபஸ்தான், புல் அறுக்கப் போயிருக்காரு, மாத்திரையை ஆரம்பிச்சிடட்டுமா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எத்தனாவது நாள்?" என்றார். நேற்று ராத்திரிதான் என்றேன். "முதல்ல கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு போனோம். அப்பா இந்த முறை கூச்சமே படவில்லை. அறைக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, வேட்டியைத் தளர்த்தி, அரணாக்கயிற்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாத்துக்கம்மா என்கிற மாதிரி நின்றார். நானும் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு குனிந்தேன்.

"ஐயா, அதை விடுங்க, அதையும் பாக்குறேன்" என்றார் டாக்டர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே. "உக்காருங்க. ஒண்ணுக்குப் போனா எரியுதா?"

அப்பா கயிற்றை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு நாளா எரியுதும்மா" என்றார்.